கடும் காய்ச்சலில் இருந்து மீண்டவருக்குப் பூஞ்சை தொற்றுகிறதா? வீட்டிலேயே கவனிக்கும் முறை

என் அத்தான் சவர விஷயத்தில் ஒரு பிடிவாதக்காரர். காய்ச்சலோ திருவிழாவோ, காலை ஆறரைக்குக் கண்ணாடி முன் நின்றாக வேண்டும். 2021 ஜூன் முதல் வாரத்தில் சாத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். கோவிட் நிமோனியாவில் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்து அவர் வீடு திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "இடது கன்னத்தில் பிளேடு படுவதே தெரியவில்லை என்கிறார். அந்தப் பக்கம் பல்லும் வலிக்கிறதாம்" என்றாள்.

நான் காது-மூக்கு-தொண்டை வார்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த நர்ஸ். அந்த மாதம் எங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கருப்புப் பூஞ்சை நோயாளிகள். அப்படிப்பட்ட நான் சொன்ன பதில்: "ஒருக்களித்தே படுத்திருந்ததில் மரத்திருக்கும். பல்லுக்குக் கிராம்புத் தைலம் வைக்கச் சொல்லு." இரண்டு நாள் வீணாகப் போயிற்று. கண்டுபிடித்தவர் ஊரில் இருந்த ஒரு பல் டாக்டர். சொத்தையே இல்லாத இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆடுவதைப் பார்த்ததும், பிடுங்க மாட்டேன் என்று சொல்லி அன்றைக்கே மூக்கு டாக்டரிடம் துரத்திவிட்டார்.

அந்த இரண்டு நாளுக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டரிடம் போவதற்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

யாருக்கு இந்தக் கவனிப்பு தேவை

சாதாரண சளிக் காய்ச்சல் வந்து போன எல்லோரும் கண்ணாடி முன் நின்று பயப்பட வேண்டாம். வைரஸ் காய்ச்சல் நுரையீரல் வரை இறங்கி ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர், சிகிச்சையில் ஸ்டெராய்டு வாங்கியவர், சர்க்கரை நோய் உள்ளவர் அல்லது ஆஸ்பத்திரியில் புதிதாகச் சர்க்கரை ஏறியவர்: இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் என் வயிறு கலங்கும். 2021 ஜூன் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட கணக்கில் நாடு முழுக்க 40,845 பேருக்குக் கருப்புப் பூஞ்சை. அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அந்தப் பூஞ்சை கருப்பே இல்லை. மழைக்காலத்தில் நாலு நாள் மறந்துபோன ரொட்டியில் பஞ்சு போலப் பூக்குமே, அந்தக் குடும்பம். மண்ணிலும் குப்பையிலும் காற்றிலும் எப்போதும் இருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், உடம்பு துடைத்துப் போட்டுவிடுகிறது. சர்க்கரை தாறுமாறாக ஏறி, ஸ்டெராய்டும் வெள்ளணுக்களைத் தூங்க வைத்துவிட்டால்தான் அது மூக்குக்குள் வேர் விடுகிறது. விட்டதும் நேராக ரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைக்கிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. நாம் பார்க்கும் கருப்பு அந்தச் செத்த சதைதான். ஆகவே கருப்பாகட்டும் என்று காத்திருப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அறுவை சிகிச்சை தேவைப்படுவதற்குக் காரணம் அதுதான்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டாது. அத்தான் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டார் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டிய நோய் இல்லை இது.

சர்க்கரையைச் சாயங்காலம் பாருங்கள்

இதை மட்டும் செய்தால்கூடப் பாதிக் கிணறு தாண்டியதுபோல.

அக்கா பொறுப்பானவள். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தினமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையை எழுதி வைத்திருந்தாள்: 108, 115, 112. பார்த்தால் யாருக்கும் திருப்தி வரும். நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே கருவியில் குத்திப் பார்த்தேன். 342.

காரணம் எளிது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கும் பிரெட்னிசலோன் மாதிரியான மாத்திரை மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை உச்சத்துக்குத் தூக்குகிறது. ராத்திரி மெல்ல இறங்கி, விடியற்காலை நல்ல பிள்ளையாக நிற்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவருக்குத் திருடன் போன பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்த கதைதான். ஸ்டெராய்டு ஓடும் நாட்களில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை பாருங்கள். மாத்திரை நின்ற பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலைக் குத்திவிட்டு முந்நூறைக் கண்டு மயங்கி விழப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான விரலில் இரண்டு தடவை 180-க்கு மேல் காட்டினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். 300-ஐத் தாண்டி, கூடவே வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்று ஏதாவது சேர்ந்தால் போனோடு நிற்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் புளித்துப்போகும் அந்த நிலை பூஞ்சைக்கு விருந்து வைத்தது மாதிரி.

ஸ்டெராய்டைக் குறைக்கும்போது இதற்கு நேர் எதிரான ஆபத்து வரும். மாத்திரை குறையும், சர்க்கரை இறங்கும், இன்சுலின் மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். விடியற்காலை வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி எழுந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். குறைப்பு தொடங்கும் நாளிலேயே இன்சுலின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஸ்டெராய்டு எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்தச் சீட்டு முடியவில்லை. திரும்பிப் போய்க் கேளுங்கள். அத்தானுக்கு ஐந்து நாளைக்குத்தான் எழுதியிருந்தார்கள். நெஞ்சு லேசானதுபோல் இருக்கிறது என்று அவரே மருந்துக் கடையில் இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டார். கடைக்காரரும் கொடுத்தார். அந்த இரண்டாவது அலையில் ஒருவரின் மருந்துச் சீட்டு வாட்ஸாப்பில் ஊர் முழுக்கச் சுற்றியதும் உண்டு. கோவிட்டில் உயிர் காத்த மருந்துதான் ஸ்டெராய்டு, பழிக்கவில்லை. ஆனால் 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் பலன் கிடைத்தது ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களுக்குத்தான். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் பத்து நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் நன்மை தெரியவில்லை. அதற்காகப் பல வாரம் சாப்பிட்டவர் இதைப் படித்துவிட்டுச் சடாரென்று நிறுத்திவிடவும் கூடாது. அதுவும் ஆளைக் கவிழ்க்கும். குறைப்பது டாக்டர் வேலை.

காலையில் இரண்டு நிமிடம்

அத்தானின் சவரத்திலிருந்து நான் கற்ற பாடத்தைச் சோதனையாக மாற்றி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பூஞ்சை தலைகாட்டுகிறது. சிலருக்கு இன்னும் தள்ளி வரும் என்பதால் வீடு திரும்பியது முதல் ஆறு வாரம் செய்யச் சொல்கிறேன். தேவையானவை ஒரு டார்ச், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், ஒரு துளி பஞ்சு.

பஞ்சைத் திரித்து இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா" என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழே கன்னத்துக்கு வரும் நரம்பு, பூஞ்சை முதலில் குடியேறும் சைனஸ் என்ற காற்றறையை ஒட்டியே ஓடுகிறது. மரத்துப்போவது அதனால்தான்.

வாயைத் திறக்கச் சொல்லி அண்ணாந்து பார்க்க வைத்து மேலண்ணத்தில் டார்ச் அடியுங்கள். ஆரோக்கியமான அண்ணம் இரு பக்கமும் ஒரே இளஞ்சிவப்பு. ஒரு பக்கம் மட்டும் வெளுத்தோ சாம்பல் நிறத்திலோ தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். பல்செட் போட்டிருப்பவர் கழற்றிவிட்டுக் காட்ட வேண்டும். பல் ஒவ்வொன்றையும் சுத்தமான விரலால் அசைத்துப் பாருங்கள். நேற்று ஆடாத பல் இன்று ஆடினால் அது பல் பிரச்சினை ஆகாமலும் இருக்கலாம். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்து, துடைத்தால் வருகிறதா? அது கேண்டிடா, வேறு பூஞ்சை. ஸ்டெராய்டு எடுப்பவர்களுக்குச் சாதாரணமாக வரும், மருந்தில் போய்விடும். 2021-இல் அதைத்தான் வெள்ளைப் பூஞ்சை என்று பெயரிட்டுத் தொலைக்காட்சியில் ஊரைப் பயமுறுத்தினார்கள்.

பிறகு மூக்கு. ஒரு துளையை அடைத்துக்கொண்டு மற்றதில் மூச்சு விடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தக் கசிவு, பழுப்பாகவோ கருப்பாகவோ பொருக்கு, கெட்ட வாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

கடைசியில் கண். எட்டடி தள்ளி உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரின் பெரிய தேதியையும், பக்கத்தில் போய் ராகு கால நேரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த கண்ணாலும் அப்படியே. தலையை ஆட்டாமல் உங்கள் விரலை நாலு பக்கமும் பார்வையால் தொடர வேண்டும். விரல் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு இமை தொங்கினாலோ, ஒரு கண் வீங்கி முன்னே தள்ளியதுபோல் இருந்தாலோ மறுநாள் வரை பொறுக்காதீர்கள். பூஞ்சை கண்குழிக்கு வந்திருக்கலாம். அதற்கு அடுத்தது மூளை.

நான் எத்தனை தடவை "ஒரு பக்கம்" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். சைனஸ் தொல்லையில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கனக்கும், சளி போனால் விடும். இது ஒரு பக்கமாகத் தொடங்கி நாளுக்கு நாள் ஏறும். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஸ்டெராய்டு காய்ச்சலை மூடி மறைத்துவிடும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் அந்த ஈரப்பத பாட்டிலில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், தினமும் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவைத்து மாற்றுங்கள். மட்கிய குப்பை, மாட்டுக் கொட்டகை, தோட்ட மண், இடிக்கிற கட்டடம் ஆகியவற்றின் பக்கம் அவரை விடாதீர்கள். ஆவி பிடித்தால் பூஞ்சை சாகாது. நாளைக்கு நாலு தடவை பிடித்தால் மூக்கின் உட்சவ்வுதான் வெந்துபோகும். மூக்கில் எலுமிச்சைச் சாறு விடச் சொன்ன மகான்களைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

போகும் இடத்தில் என்ன கேட்பது

பல் ஆடினாலும் கண் வீங்கினாலும் முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். முதல் வாக்கியத்தையே இப்படிச் சொல்லுங்கள்: "நிமோனியாவுக்கு ஸ்டெராய்டு எடுத்தார், சர்க்கரை இருக்கிறது, மூன்று நாளாக இந்தப் பக்கம் மரத்திருக்கிறது." இதைக் கேட்ட எந்த மூக்கு டாக்டரும் குழாய் கேமராவை எடுக்காமல் விடமாட்டார்.

உள்ளே சந்தேகமான சதை தெரிந்தால் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது இரண்டு டப்பாவில் போக வேண்டும். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டது திசுப் பரிசோதனைக்கு. உப்பு நீரில் போட்டது பூஞ்சையை நேரடியாகப் பார்க்கவும் வளர்க்கவும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துப்போகும், வளர்த்துப் பார்க்க வழியில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது பெரும்பாலும் நோயாளியின் மகனோ மகளோதான் என்பதால் சொல்லி வைக்கிறேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் முதல் சோதனை சீக்கிரமே முடிந்துவிடும். ரிப்பன் மாதிரி அகலமான, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாத இழைகள் தெரிந்தால் கருப்புப் பூஞ்சை. மெல்லியதாக, கணுக்கணுவாக, கவட்டை போலக் கிளை பிரிந்திருந்தால் அஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையாக இருக்கக்கூடும். இந்த வித்தியாசம் முக்கியம். அஸ்பர்ஜில்லஸுக்கு நல்ல மருந்தான வோரிகோனசோல் கருப்புப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

ஆள் இன்னும் ஐ.சி.யு.வில் இருந்தால்

அங்கே முகத்தைத் தொட்டுப் பார்க்க உங்களை விடமாட்டார்கள், அங்குள்ள பூஞ்சையும் பெரும்பாலும் வேறு. கோவிட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ளூவிலும் இது உண்டு. நெதர்லாந்து, பெல்ஜியம் ஐ.சி.யு.க்களில் 2009 முதல் 2016 வரை கடும் ஃப்ளூவுடன் சேர்ந்த 432 பேரை ஆராய்ந்ததில் நூற்றுக்கு 19 பேருக்கு நுரையீரலில் அஸ்பர்ஜில்லஸ் இருந்தது. அது இருந்தவர்களில் பாதிப் பேர் 90 நாளுக்குள் இறந்துவிட்டார்கள். இல்லாதவர்களில் நூற்றுக்கு 28 பேர்.

ஆகவே நாலைந்து நாள் சற்றுத் தேறி வந்தவர் மறுபடி சரிந்தால், நல்ல ஆன்டிபயாடிக் ஓடியும் ஆக்சிஜன் தேவை ஏறினால், சளியில் ரத்தம் வந்தால், டாக்டரிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "பூஞ்சையாக இருக்குமா என்று பார்த்தாகிவிட்டதா?" நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அஸ்பர்ஜில்லஸைத் தேடும் கேலக்டோமன்னன் என்ற சோதனை செய்வார்கள். ரத்தத்தில் மட்டும் பார்த்து இல்லை என்று வந்தால் அது முழு உத்தரவாதம் ஆகாது. சளியில் கேண்டிடா வளர்ந்தது என்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம். வாயில் இருப்பது சளியோடு வந்திருக்கும். அதே கேண்டிடா ரத்தத்தில் வளர்ந்தால் அது அவசரம். கழுத்து ரத்த நாளத்தில் போட்ட குழாயை மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்து ஏறும் நாட்கள்

கருப்புப் பூஞ்சைக்குப் போடும் ஆம்போடெரிசின் மருந்தின் பெயரைக் கேட்டாலே 2021 மே, ஜூனில் அலைந்தவர்களுக்கு இன்னும் கால் வலிக்கும். அதில் லிப்போசோமல் என்ற புதிய வகை ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் அறுபது கிலோ ஆளுக்குத் தினம் ஆறு குப்பி. மூளைக்குப் போயிருந்தால் அதற்கு மேலும் ஆகும். பல வாரம் ஓடும். நாடெங்கும் தட்டுப்பாடாக இருந்த நாட்களில் ஒரு குப்பியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்களுக்கு நான் கதவைத் திறந்திருக்கிறேன்.

கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த மருந்தைக் குளுக்கோஸ் நீரில்தான் கலப்பார்கள். உப்பு நீரோடு சேர்ந்தால் திரிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களே என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு ஏற்றபடி இன்சுலின் போடுவார்கள். சிறுநீரகத்தைக் காக்க முன்னதாக உப்பு நீர் தனியாக ஏறும். பழைய வகை மருந்தாக இருந்தால் ஏறத் தொடங்கிச் சற்று நேரத்தில் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம் வரலாம். போர்வையும் ஒரு தைரியமான குரலும் தயாராக இருக்கட்டும், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

தினம் எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று எழுதுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம், மக்னீசியம் மூன்றின் அளவையும் அதே நோட்டில் தேதி போட்டுக் குறியுங்கள். இந்த மருந்து பொட்டாசியத்தை உடம்பிலிருந்து கறந்துவிடும். கால் தளர்வது, நெஞ்சு படபடப்பது அதனால் இருக்கலாம். அத்தானுக்குப் பொட்டாசியம் 2.8-க்கு இறங்கியபோது டாக்டரே இளநீர் கொடுக்கச் சொன்னார். பன்னிரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் சோர்ந்து பொட்டாசியம் ஏறியது. அப்போது அக்கா ஆசையாக வாங்கி வந்த இளநீரை நான்தான் கட்டிலடியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். அதே ஆள், அதே இளநீர். அன்றைய ரத்த முடிவைப் பார்க்காமல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும்போது குடும்பங்கள் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். எதை எடுக்கப் போகிறார்கள், மறுபடி எத்தனை தடவை திறக்க நேரலாம், அண்ணத்தில் ஓட்டை விழுந்தால் எப்போது தகடு பொருத்துவார்கள் என்று கேளுங்கள். ஆனால் யோசித்துச் சொல்கிறோம் என்று ஊருக்குப் போய்விடாதீர்கள். இந்த நோயில் ஒரு ராத்திரி என்பது நிறைய நேரம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் போசகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள், மாதக்கணக்கில். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. வேறு மாத்திரைகளோடு சண்டை போடும் குணம் அதற்கு உண்டு. கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.

அத்தானின் இடது மேல்தாடையில் ஒரு பகுதி போய்விட்டது. கண் தப்பியது. அண்ணத்தில் ஒரு தகடு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின் அதைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும், வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். முதல் மாதம் காப்பி மூக்கு வழியாக வந்தது. தகட்டை இரண்டு தடவை சரிசெய்த பிறகு நின்றது. இடது கன்னத்தில் இன்னும் முழு உணர்ச்சி வரவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துத்தான் சவரம் செய்கிறார். நேரம் மாறவில்லை, ஆறரைதான்.